முள் நடுவுக்கு வரும் இடம்: பழைய புல்லட்டில் டைமிங் வைப்பது

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு ஒரு காலைச் சடங்கு உண்டு. சாவியைத் திருப்பிவிட்டு, ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்ப் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அமுக்குவார்கள். மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும் முள் ஓரிடத்தில் சட்டென்று நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, இடது கையால் டிகம்ப்ரஷரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் லீவர்) பிடித்துக்கொண்டு, கிக்கரை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளுவார்கள். பிறகு டிகம்ப்ரஷரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது அப்பா. முள் ஏன் நடுவுக்கு வருகிறது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு நாள் அவசரத்தில் முள்ளைப் பார்க்காமல் மிதித்தேன். கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் வீங்கி இரண்டு வாரம் நொண்டிய பிறகு, தெருமுனை மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

“டைமிங் ரொம்ப அட்வான்ஸ்ல இருக்கு தம்பி. பொறி எங்க விழுதுன்னு பாத்தியா?”

“அது எப்படிண்ணே பாக்கறது?”

“தெனம் காலையில பாக்கறியே, அந்த முள்ளு. அது நடுவுக்கு வர்ற இடம்தான் பொறி விழுற இடம்.”

டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து கிளைத்ததுதான். இந்தக் கட்டுரையும் அப்படியே. எடுத்துக்கொள்ளும் வண்டி, பாயிண்ட் வைத்த பழைய புல்லட் 350. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வரைந்த வண்டி, 1955இல் மெட்ராஸுக்கு வந்து, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் உருவானது. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி., ஒரே சிலிண்டர். டைமிங் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான வண்டி கிடையாது. எல்லாமே கண்ணுக்குத் தெரியும் அளவில் பெரிதாக, மெதுவாக நடக்கும்.

பொறி எப்போது விழுகிறது?

வண்டியின் வலப்பக்கம், சிலிண்டருக்குப் பின்னால் ஒரு சின்ன வட்ட மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே சி.பி. (கான்டாக்ட் பிரேக்கர்) பாயிண்ட். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள், ஒன்றோடொன்று முத்தமிட்டபடி இருக்கும். ஒன்று அசையாதது. இன்னொன்று ஸ்பிரிங் வைத்த கையின் நுனியில் இருப்பது. அந்தக் கையின் அடியில் இருக்கும் ஃபைபர் குதிகாலை, நடுவில் சுற்றும், ஒரு பக்கம் புடைத்த கேம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை தூக்கிவிடும். பொட்டுகள் பிரியும்.

பாட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் சாவி வழியாக இக்னிஷன் காயிலுக்குப் போய், அங்கிருந்து பாயிண்ட் வழியாக எர்த் ஆகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்வரை கரண்ட் ஓடும், ஆம்ப் மீட்டர் முள் மைனஸில் சாயும், காயிலுக்குள் காந்தப்புலம் நிறையும். பாயிண்ட் திறந்த கணத்தில் கரண்ட் நின்று காந்தப்புலம் சரியும். அந்தச் சரிவுதான் காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் கிளப்பி, பிளக் நுனியில் பொறியாகத் தாண்டவைக்கிறது.

ஆக, பொறி விழுவது பாயிண்ட் மூடும்போது அல்ல, திறக்கும்போது. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான். பக்கத்தில் இருக்கும் கண்டன்சர், திறக்கும் கணத்தில் பாயிண்ட்டிலேயே பொறி பறந்து வீணாகாமல் தாங்கிக்கொள்கிறது. அது போய்விட்டால் பாயிண்ட்டில் நீலமாகப் பொறி பறக்கும், பொட்டுகள் சீக்கிரம் கருகிக் குழி விழும்.

முள் ஏன் நடுவுக்கு வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். பாயிண்ட் திறந்தது, கரண்ட் நின்றது, முள் திரும்பியது. டைமிங் வைப்பது என்றால் இந்தத் திறக்கும் கணத்தைப் பிஸ்டன் சரியான உயரத்தில் இருக்கும்போது நடக்க வைப்பது, அவ்வளவுதான்.

பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே ஏன்?

பிஸ்டன் மேலே ஏறி உச்சியைத் தொடும் இடத்தை டி.டி.சி. என்பார்கள். பெட்ரோல் புகை நன்றாக அமுங்கியிருக்கும் அந்த உச்சியில் பொறி வைத்தால் போதாதா? போதாது. பொறி விழுந்ததும் எல்லாம் ஒரேயடியாக வெடித்துவிடுவதில்லை. பிளக் பக்கம் பற்றிய தீ அறை முழுக்கப் பரவ நேரம் எடுக்கும். லட்சுமி வெடிக்குத் திரி இருப்பது போல. நீங்கள் பற்றவைப்பது திரியை, வெடி அப்புறம்தான். வெடியின் உதை பிஸ்டன் உச்சியைத் தாண்டி, சுமார் 15 டிகிரி இறங்கியிருக்கும்போது முழு வேகத்தில் கிடைத்தால்தான் இன்ஜின் நன்றாக இழுக்கும். அதற்குத் திரியை உச்சிக்கு முன்பே பற்றவைத்தாக வேண்டும்.

எவ்வளவு முன்பு என்பது வேகத்தைப் பொறுத்தது. திரி எரிய 2 மில்லி விநாடி என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஐட்லிங்கில், நிமிடத்துக்கு 800 சுற்றில், அந்த நேரத்துக்குள் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) திரும்புவது ஏறக்குறைய 10 டிகிரி. 3,000 சுற்றில் அதே நேரத்தில் 36 டிகிரி ஓடிவிடும். வேகம் கூடினால் உள்ளே காற்றின் சுழற்சியும் கூடுவதால் தீ கொஞ்சம் சீக்கிரம் பரவும், அதனால் நிஜத்தில் அவ்வளவு தேவைப்படாது. ஆனாலும் மெதுவாக ஓடும்போது பொறி தாமதமாகவும், வேகமாக ஓடும்போது முன்னதாகவும் விழ வேண்டும் என்பது மாறாது.

அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் இதற்கென்றே ஹேண்டில்பாரில் ஒரு லீவர் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய பி.எஸ்.ஏ. எம்20 அப்படித்தான். ஸ்டார்ட் செய்ய ரிட்டார்டு (தாமதமான பொறி), ஓட ஆரம்பித்ததும் அட்வான்ஸ் (முன்னதான பொறி) என்று ஓட்டுபவரே மாற்றிக்கொள்வார். நம் புல்லட்டில் அந்த வேலையைச் செய்வது பாயிண்ட் தட்டுக்கு அடியில் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸ். இரண்டு சின்ன எடைக்கட்டிகள், இரண்டு ஸ்பிரிங். வேகம் ஏற ஏறக் கட்டிகள் ராட்டினத் தொட்டில் போல வெளியே விரிந்து, கேமைக் கொஞ்சம் முன்னால் திருப்பிவிடும். பாயிண்ட் சீக்கிரம் திறக்கும். வேகம் இறங்கினால் ஸ்பிரிங் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்ளும்.

நாம் வண்டியை நிறுத்தி வைத்துப் பார்ப்பது, கட்டிகள் சுருங்கி முழு ரிட்டார்டில் இருக்கும் நிலை. மேனுவல் தரும் அளவும் அதற்கானதுதான். ஆகவே டைமிங்கில் கை வைக்கும் முன் கேமை விரலால் திருப்பிவிட்டுப் பாருங்கள். விட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். துரு பிடித்தோ, ஸ்பிரிங் தொய்ந்தோ, பாதி விரிந்தபடி நின்றால் அதைச் சரிசெய்யாமல் நீங்கள் வைக்கும் எந்த டைமிங்கும் பொய்தான். என் கணுக்காலுக்கு வினை வைத்ததும் இதுதான் என்று பிறகு தெரிந்தது. ஒரு ஸ்பிரிங்கின் கொக்கி நிமிர்ந்து, ஒரு கட்டி நிரந்தரமாக வெளியே நின்றிருக்கிறது. கிக்கரின் மெதுவான வேகத்துக்கு அந்தப் பொறி மிகச் சீக்கிரம். பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடி அதைக் கீழே உதைத்தது. எதிரே வந்துகொண்டிருக்கும் ஊஞ்சலைத் தள்ளினால் மணிக்கட்டு என்ன ஆகுமோ, அது கணுக்காலுக்கு ஆனது.

0.8 மில்லிமீட்டர்

பாயிண்ட் வைத்த 350 புல்லட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு, முழு ரிட்டார்டில், டி.டி.சி.க்கு 0.8 மி.மீ. முன்பு. உங்கள் வண்டியின் மேனுவல் வேறு சொன்னால் மேனுவலைக் கேளுங்கள். 0.8 மி.மீ. என்றதும் ஒன்றுமேயில்லாதது போலத் தோன்றும். ஆனால் உச்சிக்குப் பக்கத்தில் பிஸ்டன் ஆமை. கிராங்க் 5 டிகிரி திரும்பினால் பிஸ்டன் நகர்வது கால் மில்லிமீட்டர்கூட இல்லை. 0.8 மி.மீ. என்பது கிராங்க்கில் 10 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. 20 டிகிரிக்கு 3 மி.மீ.யைத் தாண்டிவிடும். அதனால் அளவில் அரை மில்லிமீட்டர் தவறினால் டைமிங்கில் அது பெரிய தவறு.

கை வைப்போம்

முதலில் பாயிண்ட் கேப் (பொட்டுகள் முழுதாகப் பிரிந்து நிற்கும்போது நடுவே இருக்கும் இடைவெளி), பிறகுதான் டைமிங். இந்த வரிசை மாறவே கூடாது. கேப் பெரிதானால் கேம் குதிகாலைச் சீக்கிரம் தொடும், பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகிவிடும். கேப் குறைந்தால் ரிட்டார்டு. டைமிங்கை அழகாக வைத்துவிட்டு அப்புறம் கேப்பைத் தொட்டால் செய்த வேலை வீண்.

பாயிண்ட் முழுதாகத் திறந்து நிற்கும் இடத்துக்கு இன்ஜினைத் திருப்பி, கேப்பை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், இறுகக் கூடாது. வழியில் கேஜ் இல்லாமல் மாட்டிக்கொண்டால் கெட்டியான விசிட்டிங் கார்டு ஏறக்குறைய அந்தக் கனம்தான். வீடு வந்து சேரப் போதும். பொட்டுகள் கருத்திருந்தால் மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த துணியால் துடையுங்கள். குழி விழுந்திருந்தால் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம், புதுசு போடுங்கள். கேமில் ஒரு பொட்டு கிரீஸ் போதும். அள்ளி அப்பினால் பாயிண்ட்டுக்குள் தெறிக்கும்.

அடுத்து பிஸ்டன் உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, பிளக்கைக் கழற்றி, டாப் கியர் போட்டுப் பின்சக்கரத்தை முன்னோக்கித் திருப்பினால் இன்ஜின் சாதுவாகச் சுற்றும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும். நமக்கு வேண்டியது கம்ப்ரஷனில் வருவது. பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வையுங்கள். ஏறும்போது விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன். இன்னும் நிச்சயம் வேண்டுமானால் வலப்பக்க டேப்பெட் கவரைக் கழற்றுங்கள். இரண்டு புஷ்ராடும் (வால்வுகளைத் திறக்கும் தண்டுகள்) விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுழல வேண்டும்.

பிளக் ஓட்டையில் சைக்கிள் ஸ்போக்கை விட்டு, பிஸ்டன் ஏறுவதை அது வெளியே தள்ளுவதில் பார்ப்பதுதான் நம் ஊர் வழக்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு. புல்லட்டில் பிளக் நேராக இல்லை, சாய்ந்திருக்கிறது. ஸ்போக்கை வெறும் கையில் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கோணத்தில் நிற்கும், அளவும் மாறும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே ஸ்போக் வழுக்கிப் போகிற மாதிரி ஒரு குழாயைப் பொருத்திக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. சாய்வாகப் போவதால் 0.8 என்பது ஸ்போக்கில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஸ்போக் ஏறுவது நின்று, இறங்கத் தொடங்கும் முன்பு சில டிகிரிக்கு அசையாமல் நிற்கும். அந்த உயரத்தில் ஸ்போக்கில் ஒரு கீறல் போடுங்கள். அதற்கு 0.8 மி.மீ. மேலே இன்னொன்று. வெர்னியர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஹேக்சா பிளேடைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதன் கனம் 0.6 மி.மீ. சொச்சம், கண்ணுக்கு ஓர் உத்தேசம் கிடைக்கும். இப்போது சக்கரத்தைப் பின்னோக்கி நன்றாகத் திருப்பி, பிஸ்டனை ஓர் அங்குலமாவது இறக்கிவிட்டு, மறுபடி முன்னோக்கிக் கொண்டுவந்து இரண்டாவது கீறலில் நிறுத்துங்கள். பின்னோக்கி வந்து நிறுத்தக் கூடாது. டைமிங் கியர்களில் பல்லுக்குப் பல் இருக்கும் சின்ன இடைவெளி அளவைக் கெடுத்துவிடும். கீறலைத் தாண்டிவிட்டால் சோம்பல் படாமல் மறுபடி பின்னே போய் வாருங்கள்.

பிஸ்டன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. இந்தக் கணத்தில் பாயிண்ட் திறக்க வேண்டும்.

எல்லா லைட்டையும் அணைத்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். பாயிண்ட் தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும், தட்டு இறுக்கமாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். கேப்பைப் பூட்டும் ஸ்குரூ வேறு, இது வேறு. முதல் முறை நான் அதைத் தளர்த்திவிட்டு அரை மணி நேரம் முழித்தேன். தட்டை மெல்லத் திருப்பும்போது ஆம்ப் மீட்டர் முள் மைனஸிலிருந்து நடுவுக்குத் தாவும் இடத்தில் நிறுத்தி, போல்ட்டை இறுக்குங்கள்.

எந்தப் பக்கம் திருப்புவது? கேம் சுற்றும் திசைக்கு எதிராகத் தட்டைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிட்டார்டு. சக்கரத்தைத் திருப்பி, கேம் எப்படிச் சுற்றுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கையை அடக்கித் திருப்புங்கள். கேம், கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. அதனால் தட்டை 1 டிகிரி திருப்பினால் கிராங்க்கில் அது 2 டிகிரி.

முள் கொஞ்சம் மந்தம்தான். இன்னும் துல்லியம் வேண்டுமானால் ஒரு சின்ன பல்பின் ஒரு ஒயரைப் பாயிண்ட் ஒயர் வரும் இடத்திலும், இன்னொன்றை இன்ஜின் உடம்பிலும் தொட்டு வையுங்கள். பாயிண்ட் திறந்த கணத்தில் பல்பு எரியும். அல்லது எங்கள் மெக்கானிக் அண்ணன் செய்வது போல, பொட்டுகளுக்கு நடுவே சிகரெட் பேப்பர் ஒரு துண்டைக் கடிக்க விட்டு, லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டே திருப்பலாம். பேப்பர் வழுக்கி வெளியே வரும் இடம்தான் இடம். இதற்குப் பாட்டரிகூட வேண்டாம். எந்த வழியானாலும் போல்ட்டை இறுக்கிய பிறகு சக்கரத்தைத் திருப்பி இன்னொரு முறை சரிபாருங்கள். இறுக்கும்போது தட்டு நகர்வது சகஜம். வேலை முடிந்ததும் சாவியை அணைக்க மறக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டே கிடந்தால் காயில் சூடேறும், பாட்டரியும் இறங்கிவிடும்.

தட்டை முழுக்கத் திருப்பியும் அளவு வரவில்லை என்றால், கேம் தண்டு உட்கார்ந்திருக்கும் இடமே மாறியிருக்கிறது. நடு போல்ட்டைக் கழற்றி, அதை விடுவித்து மறுபடி உட்கார வைக்க வேண்டும். முதல் தடவையே அதில் இறங்காதீர்கள், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்த்தால் தெரியும்

அட்வான்ஸ் அதிகமானால் கிக்கர் திருப்பி அடிக்கும், ஐட்லிங் நிற்காது. ஏற்காடு போல ஓர் ஏற்றத்தில் பெரிய கியரில் முறுக்கினால், கைக்குள் பல்லாங்குழிச் சோழி குலுக்குவது போல இன்ஜினிலிருந்து ஒரு கலகலப்பு கேட்கும். அதுதான் நாக்கிங். கேட்டதும் ஆக்சிலேட்டரைக் குறைத்துவிடுங்கள், பிஸ்டனுக்கு நல்லதல்ல. ரிட்டார்டு அதிகமானால் வண்டி சுலபமாக ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுக்காது. முறுக்க முறுக்கச் சத்தம் மட்டும் வரும். பெட்ரோல் குடிக்கும், சைலன்ஸர் வளைவு தலைப்பக்கம் நீலம் பூக்கும். தீ முழுதாக எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுவதால், வேலை செய்ய வேண்டிய சூடு குழாய்க்குப் போகிறது.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். “அண்ணே, அந்தப் பழைய தடக்… தடக்… சத்தம் வரணும்” என்று கேட்டு, டைமிங்கை ரிட்டார்டாக்கி, ஐட்லிங்கை அடியோடு இறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கேட்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஆயில் பம்ப்பும் மெதுவாகத்தான் சுற்றும். பழைய புல்லட்டின் பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் முனை) இருப்பது பால் பேரிங் அல்ல, எண்ணெய்ப் படலத்தை நம்பி மிதக்கும் புஷ். டீக்கடை வாசலில் பத்து நிமிடம் தடக் தடக் என்று நிறுத்தி வைப்பவர்கள், அந்த இசைக்கு புஷ்ஷில் காசு கட்டுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. புதுப் பாயிண்ட் போட்டிருந்தால் அதன் ஃபைபர் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தேயும். தேய்ந்தால் கேப் குறையும், கேப் குறைந்தால் டைமிங் தானாக ரிட்டார்டு பக்கம் போகும். அதனால் 500 கிலோமீட்டரில் மூடியைத் திறந்து கேப்பை மறுபடி 0.35க்கு மேல் கொண்டுவந்து, சாவியைப் போட்டு, முள் எங்கே தாவுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.